மாமன் முடியும் அஞ்சுதெங்குக் கோட்டையும்

திருவனந்தபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் அஞ்சுதெங்கு. ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் காயல். நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில், மீனவர் வீடுகளுக்கு அருகே செம்புராங்கல்லால் ஆன ஒரு கோட்டை நிற்கிறது. ஆற்றிங்கல் ராணியின் அனுமதியோடு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1695-ல் கட்டி முடித்தது அது.

அந்த ஆண்டு இங்கிலாந்தை ஆண்டவர் ஆங்கிலேயர் அல்லர், ஹேக் நகரில் பிறந்த டச்சுக்காரர். அதே காலத்தில் கொச்சியிலும் கொல்லத்திலும் உட்கார்ந்துகொண்டு, மிளகு ஒரு மூட்டைகூட ஆங்கிலேயர் கைக்குப் போகக் கூடாது என்று மல்லுக்கு நின்றவர்களும் டச்சுக்காரர்கள்தான். இந்த முரண் எப்படி வந்தது என்பது நம் கடற்கரையின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

அவருக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். குடிமக்களில் மிகப் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். ஜேம்ஸுக்கு வயதாகிவிட்டது, அவருக்குப் பின் புராட்டஸ்டன்டான மூத்த மகள் மேரி வருவார் என்று எல்லாரும் பொறுத்திருந்தார்கள். 1688 ஜூனில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. கத்தோலிக்க வாரிசு வந்துவிட்டதும் பொறுமை போயிற்று. பெரிய மனிதர்கள் ஏழு பேர் மேரியின் கணவரும் டச்சுத் தலைவருமான ஆரஞ்சு வம்சத்து வில்லியமுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதி, படையோடு வரச் சொன்னார்கள்.

வில்லியம் ஜேம்ஸுக்கு மருமகன் மட்டும் அல்லர், அவருடைய சொந்த அக்காள் மகன். மாமன் மகளை மணந்து, கடைசியில் மாமனின் முடியையும் எடுத்துக்கொண்டவர். அஞ்சுதெங்கு இருக்கும் வேணாட்டு மக்களுக்கு இதில் பாதி பழகிய கதைதான். மருமக்கத்தாயம் நடந்த அந்த நாட்டில் மாமனுக்குப் பின் சகோதரி மகன் பட்டத்துக்கு வருவதே முறை. ஆனால் மாமன் உயிரோடிருக்கும்போதே படையோடு வந்து இறங்குவது எந்த ஊர் முறையிலும் இல்லை.

அந்நாளைய ஆங்கில நாட்காட்டிப்படி 1688 நவம்பர் 5 அன்று, சுமார் 15,000 வீரர்களோடு வில்லியம் தென்மேற்கு இங்கிலாந்தின் டார்பே கரையில் இறங்கினார். ஜேம்ஸின் தளபதிகள் ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள். அரசு முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் வீசிவிட்டு, டிசம்பரில் ஜேம்ஸ் பிரான்ஸுக்கு ஓடினார். 1689 பிப்ரவரியில் நாடாளுமன்றம் வில்லியம், மேரி இருவரையும் சேர்த்தே அரியணை ஏற்றியது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் வரி போடக் கூடாது, சட்டத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்ற உரிமைச் சட்டமும் அதே ஆண்டு வந்தது. இங்கிலாந்தில் பெரிதாக ரத்தம் சிந்தவில்லை என்பதால் இதை 'மாட்சிமை மிக்க புரட்சி' என்கிறார்கள். அயர்லாந்தில் அடுத்த ஆண்டுகளில் ஓடிய ரத்தத்தை எண்ணினால் அந்தப் பெருமையை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது பெரிய அடி. அதன் தலைவர் ஜோசையா சைல்டு ஜேம்ஸின் தயவை நம்பி இருந்தவர். அந்தத் தெம்பில்தான் கம்பெனி முகலாயரோடு போர் தொடுத்துத் தோற்று, 1690-ல் அவுரங்கசீப்பிடம் மன்னிப்புக் கேட்டது. அரசர் மாறியதும், இனி கம்பெனியின் தனியுரிமை நாடாளுமன்றத்தின் கையில் என்றாகிவிட்டது. அஞ்சுதெங்கில் கோட்டை எழும்பி முடிந்த அதே 1695-ல், லண்டனில் கம்பெனி கொடுத்த லஞ்சத்தைப் பற்றி நாடாளுமன்றம் விசாரித்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஆளுநர் தாமஸ் குக் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். லீட்ஸ் பிரபு மீதும் கண்டனத் தீர்மானம் வந்தது. வில்லியமை அழைத்துக் கடிதம் எழுதிய அந்த ஏழு பேரில் இவரும் ஒருவர்! அவர் மீதான வழக்கு கடைசியில் தீர்ப்புவரை போகவே இல்லை.

மலையாளக் கரையில் விளைந்தது வேறு. 1652 முதல் 1674 வரை இங்கிலாந்தும் ஹாலந்தும் மூன்று போர்கள் நடத்தியிருந்தன. இப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே தலைவர், இருவருக்கும் பொது எதிரி பிரான்ஸ். மிளகுக்காக இரண்டு கம்பெனிகளும் முறைத்துக்கொண்டன, ஆனால் இரு நாடுகளுக்குள் வெளிப்படையான போர் ஒரு நூற்றாண்டுக்கு அருகில் நடக்கவில்லை. கொச்சி டச்சுக்காரர்களின் கண்ணெதிரே ஆங்கிலேயர் அஞ்சுதெங்கில் நிலைத்து நின்றதற்கு இந்த அமைதியும் ஒரு காரணம்.

ஆனால் முதல் காரணம் ஆற்றிங்கல் ராணியின் முடிவுதான். மிளகுச் சந்தை ஒரே வியாபாரியிடம் சிக்குவதைவிட, போட்டிக்கு இன்னொருவர் இருப்பது அவருக்கு லாபம். ஐரோப்பிய அரசியலை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். உள்ளூர் மக்களும் சும்மா இருக்கவில்லை. கம்பெனி அதிகாரி கிஃபோர்டின் அடாவடியால் கொதித்துப்போனவர்கள், 1721 ஏப்ரலில் ராணிக்குப் பரிசு எடுத்துச் சென்ற சுமார் 140 பேர் கொண்ட ஆங்கிலேயக் கூட்டத்தை ஆற்றிங்கலில் வெட்டிச் சாய்த்தார்கள். கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. 1741-ல் டச்சுக்காரர்களின் முறை வந்தது. குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை முறியடித்தது.

ஆங்கில–டச்சு சமாதானம் 1780-ல் உடைந்தது. அடுத்த ஆண்டே நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையை விட்டுப் போயிற்று. 1795-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஹாலந்துக்குள் நுழைந்ததும், அதே ஆரஞ்சு வம்சத்து ஐந்தாம் வில்லியம் கடல் தாண்டி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். லண்டன் அருகே கியூவிலிருந்து டச்சுக் குடியேற்றங்களுக்கு அவர் கடிதங்கள் அனுப்பினார்: ஆங்கிலேயப் படையை உள்ளே விடுங்கள். கொச்சியின் டச்சு அதிகாரிகள் அதற்கு எளிதில் இணங்கவில்லை. முற்றுகைக்குப் பிறகு 1795 அக்டோபரில் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. கொழும்பு அடுத்த பிப்ரவரியில் சரணடைந்தது. கொச்சி விழுந்த அதே ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவும் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மிளகை யாருக்கு விற்பது என்று கம்பெனிகளை மோதவிட்டுப் பேரம் பேச, இந்தக் கரையில் இரண்டாவது கம்பெனி அப்போது இல்லை.