அதிகம் தேடப்படுவது உண்மையாகுமா?

கணினியின் தேடுபொறியில் ஒரு கேள்வியின் முதற் சில சொற்களை எழுதியவுடனே, எஞ்சிய சொற்களை அதுவே ஊகித்துப் பட்டியலாகக் காட்டுவது யாவரும் அறிந்ததே. கூகுள் நிறுவனத்தில் இவ்வசதி 2004ஆம் ஆண்டில் சோதனை முறையில் வெளியிடப்பட்டு, 2008ஆம் ஆண்டில் பொது உபயோகத்திற்கு வந்தது.

இவ்வூகங்களை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவில் ஜஸ்டின் ஹுக் என்பவர் 2013ஆம் ஆண்டில் 'கூகுள் ஃப்யூட்' என்னும் இணைய விளையாட்டை அமைத்தார். நூறு பேரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, அவர்களுள் பெரும்பாலோர் கூறிய விடைகளைப் போட்டியாளர் ஊகிக்கும் 'ஃபேமிலி ஃப்யூட்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதற்கு முன்மாதிரியாகும். அந்நிகழ்ச்சி 1976ஆம் ஆண்டில் தொடங்கியது.

இவ்விளையாட்டில் முற்றுப்பெறாத தொடர் ஒன்று கொடுக்கப்படும். அதன் பத்து முடிவுகள் மறைந்திருக்கும். அவற்றை ஆடுபவர் ஊகிக்க வேண்டும். மூன்று முறை தவறினால் அச்சுற்று முடிவுறும்.

'பூனை ஏன்' என்று ஒரு தொடர் தொடங்குவதாகக் கொள்வோம். உயிரியல் நூலில் உள்ள உண்மையொன்றை ஒருவர் எழுதினும், அது பட்டியலில் இல்லையெனில் தவறென்றே குறிக்கப்படும். பலர் தேடும் மூடநம்பிக்கை ஒன்றை எழுதியவர் வெற்றி பெறவுங்கூடும். ஏனெனில் இங்கு அளக்கப்படுவது அறிவன்று. மக்கள் எதைத் தேடுகின்றனர் என்பதே.

அதுவும் முழுமையான கணக்கன்று. தேடுவோரின் மொழி, இடம், அவ்வேளையில் எழும் ஆர்வம் ஆகியவற்றிற்கேற்பப் பட்டியல் மாறுபடும். வன்முறை, வெறுப்பு முதலியவற்றைத் தூண்டும் ஊகங்களை நிறுவனம் நீக்கிவிடுகிறது. இணையத்தை நாடாதவர்களின் கேள்விகளுக்கோ அதில் இடமே இல்லை.

இவ்வேறுபாடு களப்பணியாளருக்கு மிக முக்கியமானது. தடுப்பூசியைப் பற்றித் தேடுகையில் அதன் தீங்கு குறித்த கேள்வி தோன்றினால், அது மக்கள் சிலர் மனத்தில் ஐயம் உள்ளதைக் காட்டுமேயன்றி, தீங்கு உண்டென்பதற்குச் சான்றாகாது. அவ்வையத்தைப் பொறுமையுடன் கேட்டுத் தக்க விளக்கம் அளிப்பதே பணியாளரின் கடமை.

ஆசிரியர்கள் இவ்விளையாட்டைக் கரும்பலகையிலேயே நடத்தலாம். ஒரு தொடரை எழுதி, 'பலர் என்ன கேட்பர்?', 'உண்மை யாது?' என்னும் இரு வினாக்களுக்கும் மாணவரைத் தனித்தனியே விடையளிக்கச் செய்து, இரண்டையும் ஒப்பிடச் செய்தல் நன்று. பலர் கேட்பதாலேயே ஒரு கூற்று மெய்யாகிவிடாது என்பதை அவர்கள் தாமே உணர்வர்.