வீடியோ எங்கே போனது?



பள்ளி ஆண்டு விழாவோ, வீட்டில் காதுகுத்தோ, ஊர்த் திருவிழாவோ... எது நடந்தாலும் இப்போது உங்கள் கையில் கேமரா இருக்கிறது. எடுத்ததை வெட்டி ஒட்டி, பாட்டும் சேர்த்து, படமாக்கி விடுகிறீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் சமயநல்லூரில் போட்டோ பிடிக்கும் கேமரா வைத்திருந்தவரையே அதிசயமாகப் பார்ப்போம்!

ஆனால், வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எண்பது வயதைத் தாண்டிய என் மூத்த அக்காவை உட்கார வைத்து, அவள் அப்பாவின் செல்போனில் பேட்டி எடுத்தாள். அழகர் ஆற்றில் இறங்குவது ஒரு காலத்தில் தேனூரில்தான் நடந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். தேனூர் எங்களுக்கு அடுத்த ஊர். அந்தக் கதையையும், சின்ன வயதில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனதையும் அக்கா ஒரு மணி நேரம் சொன்னாள்.

பேத்தியிடம் இருந்தது அவள் சித்தப்பாவுக்குப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. அதில் கேடன்லைவ் என்ற இலவச மென்பொருள். செல்போனின் மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் செருகினாள். கார்டில் இருந்த வீடியோக்களை அப்படியே மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டாள். நான்கு நாட்கள் உட்கார்ந்து வெட்டினாள். பெயர் போட்டாள், இசை சேர்த்தாள். "சேவ்" செய்து, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் போட்டிக்குப் போனாள்.

அங்கே திறந்தால் படம் இல்லை! வீடியோக்களைக் காணவில்லை என்று ஒரு பட்டியல்தான் வந்தது. அழுதுகொண்டே வந்தவள், "தாத்தா, நான் நாலு தடவை சேவ் பண்ணினேன்" என்றாள். பண்ணியது உண்மைதான். ஆனால் எதைச் சேவ் செய்தாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு முன், பழைய சினிமா எடிட்டிங் அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

'நாயகன்' (1987) படத்தைத் தொகுத்தவர்கள் பி.லெனின், வி.டி.விஜயன் இரட்டையர். அந்தக் காலத்தில் படம் என்றால் பிலிம் சுருள். வினாடிக்கு 24 படங்கள் ஓடும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஓடி முடிய 11 நிமிடம்தான் ஆகும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு எத்தனை சுருள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்! வெட்டிய துண்டுகள் தரையில் உரசிக் கீறல் விழக்கூடாதே. அதனால் உள்ளே துணி தைத்த ஒரு தொட்டி இருக்கும், அதன்மேல் கொக்கிகள். எந்தக் காட்சி, எத்தனையாவது டேக் என்று குறித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு கொக்கியில் தொங்க விடுவார்கள். அந்தத் தொட்டிக்குப் பெயர் 'பின்'. இன்றைய மென்பொருளிலும் வீடியோக்களை அடுக்கி வைக்கும் இடத்துக்கு அதே பெயர்தான்!

இன்னொரு சங்கதி. கேமராவில் ஓடிய அசல் நெகடிவில் எடிட்டர் கை வைக்க மாட்டார். அதிலிருந்து ஒரு பிரதி போட்டு, அதைத்தான் வெட்டுவார். பிலிமின் ஓரத்தில் எண்கள் அச்சாகியிருக்கும். எல்லாம் முடிவான பிறகு, இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்று பார்த்துப் பார்த்து நெகடிவை வெட்டுவார்கள்.

பிறகு கணினி வந்தது. ஆவிட் நிறுவனத்தின் எடிட்டிங் கருவி 1989-ல் வெளிவந்தது. இந்தியாவில் அதைக் கொண்டு தொகுத்த முதல் படம் என்று 1994 பொங்கலுக்கு வந்த கமல்ஹாசனின் 'மகாநதி'யைச் சொல்வார்கள்.

இப்போது பேத்தியின் கதைக்கு வருவோம். அவள் சேவ் செய்தது 'புராஜெக்ட்' கோப்பு. அது வீடியோ அல்ல. வெறும் குறிப்புச் சீட்டு! "கார்டில் உள்ள இந்த வீடியோவை எடு, 12-வது வினாடியிலிருந்து 20 வரை ஓட்டு, பிறகு அடுத்ததற்குப் போ" என்று எழுதியிருக்கும். பிலிம் ஓரத்து எண்களைப் போலத்தான். கேடன்லைவ் புராஜெக்ட் கோப்பை எழுத்துகள் திறக்கும் நோட்பேடில் திறந்தால் நீங்களே படித்துப் பார்க்கலாம். நல்ல தெளிவான செல்போன் வீடியோ நிமிடத்துக்கு 60 முதல் 130 மெகாபைட் வரை இருக்கும். அவள் பென்டிரைவில் கொண்டுபோன கோப்போ ஒரு மெகாபைட்கூட இல்லை. அளவைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

சரி, கார்டைத் திரும்பச் செருகினால் கிடைத்து விடுமே என்கிறீர்களா? கிடைத்திருக்கும். ஆனால் இடையில் ஒரு காதுகுத்து வந்தது. இடம் போதவில்லை என்று அவள் அப்பா கார்டில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, புதிதாகப் படம் எடுத்துவிட்டார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே குழந்தைகளே, மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே கணினியில் ஒரு பெட்டி, அதாவது ஒரு 'போல்டர்', உருவாக்குங்கள். தேனூர்ப் படம் என்றால் அதற்குப் பெயர் 'தேனூர்'. அதற்குள் வீடியோவுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, போட்டோவுக்கு ஒன்று, முடிந்த படத்துக்கு ஒன்று என்று சின்னப் பெட்டிகள். புராஜெக்ட் கோப்பும் அதே பெரிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். கார்டில் இருப்பதை எல்லாம் முதலில் வீடியோப் பெட்டிக்குள் நகல் எடுங்கள். அங்கிருந்துதான் மென்பொருளுக்குள் இழுக்க வேண்டும். வேறு கணினிக்குப் போவதானால் முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போங்கள். கேடன்லைவில் 'ஆர்க்கைவ்' என்று ஒரு வசதி உண்டு. எங்கெங்கோ சிதறிக் கிடப்பதை அது ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கும். அசலின் இன்னொரு நகலை வேறொரு பென்டிரைவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். செல்போன் தானாக வைக்கும் நீளமான எண்ணைப் பார்த்தால் யாருக்கு என்ன புரியும்? 'பாட்டி_தேனூர்_01' என்று மாற்றுங்கள். 1 என்று எழுதாமல் 01 என்று எழுதச் சொல்கிறேன் அல்லவா? சில மென்பொருள்கள் 1-க்கு அடுத்து 10-ஐயும், அதற்குப் பிறகுதான் 2-ஐயும் வரிசைப்படுத்தும்! 'கடைசி', 'புதுக் கடைசி', 'நிஜமான கடைசி' என்று பெயர் வைப்பவர்களும் உண்டு. என் பேத்தியின் கணினியிலேயே பார்த்தேன்.

புராஜெக்ட் தொடங்கும்போது மென்பொருள் படத்தின் அளவைக் கேட்கும். 1920க்கு 1080 பொதுவாகப் போதும். வினாடிக்கு எத்தனை படம் என்றும் கேட்கும். சினிமாவுக்கு 24, நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு 25. நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை துடிப்பதை ஒட்டி வந்த கணக்கு அது. செல்போன் பெரும்பாலும் 30. நீங்கள் எடுத்தது எதுவோ அதையே தேர்ந்தெடுங்கள். பாதியில் மாற்றினால் வெட்டிய இடங்கள் நகர்ந்து தொல்லை கொடுக்கும்.

பக்கத்துக் கேரளத்தில் 2018-ல் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் குழுக்களைத் தொடங்கினார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள் இதே கேடன்லைவில் பள்ளி நிகழ்ச்சிகளைத் தொகுக்கப் பழகுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் இது முடியாத காரியமா என்ன?

அக்காவிடம் மறுபடி பேட்டி எடுக்கலாம் என்று பேத்தியைச் சமாதானப்படுத்தினேன். பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும் என்று நாள் ஓடியது. ஆடி மாதம் அக்கா போய்விட்டாள்.

பேட்டி எடுத்த அன்றைக்கே பேத்தி ஒரு துண்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அவள் அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு நிமிடம். கொஞ்சம் மங்கல்தான்; ஆனால் அக்கா சிரிப்பது தெரிகிறது. போன வாரம் பேத்தி 'தேனூர்' என்று புதுப் பெட்டி ஒன்று உருவாக்கி, வீடியோப் பெட்டிக்குள் அதை முதலில் வைத்தாள். பெயர் 'பாட்டி_மாட்டுவண்டி_01'. 02 என்று எதுவும் இல்லை.