கையில் குறையில்லை, தாளில்தான்

ஓவியமும் சிற்பமும் பழகத் தொடங்குபவர்கள் எதை, எப்படிப் பார்த்து வாங்க வேண்டும்?

ஏழாம் வகுப்பில் ஒரு கோயில் குளம் வரைந்தேன். சார்ட் பேப்பரில் வாட்டர் கலர். தண்ணீருக்கு நீலம் தீட்டியதும் தாள் அப்பளம் போலப் புடைத்தது. மேட்டில் இருந்த நீலமெல்லாம் பள்ளத்தில் போய்த் தேங்கியது. சரிசெய்யலாம் என்று தூரிகையால் மறுபடி தேய்த்தேன். தாளின் மேல்தோல் திரிதிரியாக உரிந்து வந்துவிட்டது. எனக்கு ஓவியம் வராது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

டிராயிங் மாஸ்டர் அதைப் பார்த்தார். திட்டவில்லை. இழுப்பறையிலிருந்து தடித்த, சொரசொரப்பான தாள் ஒன்றை எடுத்து, நான்காகக் கிழித்து ஒரு துண்டை நீட்டினார். "அதே குளத்தை இதுல போடு. உன் கை சரியாத்தான் இருக்கு. தாள்தான் சரியில்ல" என்றார். அதே கலர் பெட்டி, அதே தூரிகை. இந்த முறை நீலம் சீராகப் பரவியது, கரையோரத்தில் தானாக வெளிறி நின்றது.

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையில் ஓவிய வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் ஸ்டேஷனரிக் கடையில் 48 வண்ணப் பெட்டியைத் தேடி வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் துண்டுத் தாள் நினைவுக்கு வருகிறது. பெட்டி பெரியதாக இருக்கிறது. தாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பணம் முதலில் தாளுக்கு

வரைதாள் அட்டையில் 'ஜிஎஸ்எம்' என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அதன் பொருள். ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை. பென்சில் ஓவியத்துக்கு 130-க்கு மேல் இருந்தால் போதும். வாட்டர் கலருக்கு 300 என்பதே நம்பிக்கையான அளவு. அதற்குக் குறைந்த தாளை நனைத்து, பலகையில் நாற்புறமும் பசை நாடா ஒட்டிக் காயவைத்த பிறகே வண்ணம் தீட்ட வேண்டும், இல்லையென்றால் புடைக்கும்.

எடை மட்டும் போதாது. வாட்டர் கலர் தாள் செய்யும்போதே அதில் பசை ஊட்டுகிறார்கள். அந்தப் பசைதான் வண்ணத்தைச் சற்று நேரம் மேலேயே நிறுத்திவைக்கிறது. நமக்குக் கலக்கவும் துடைக்கவும் அவகாசம் கிடைப்பது அதனால்தான். மாதிரித் துண்டு கிடைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் அது வாட்டர் கலருக்கான தாள் இல்லை.

மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னின் காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கும். பழைய செய்தித்தாளுக்கு நேர்வது அதுதான். பருத்தித் தாள் நெடுங்காலம் வெளுப்பாகவே இருக்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடத்தில் பருத்தித் துணிக் கழிவிலிருந்தே தாள் செய்கிறார்கள். இதெல்லாம் விலை கூடுதல் என்று தயங்க வேண்டாம். 22-க்கு 30 அங்குல முழுத் தாள் ஒன்றை வாங்கி எட்டாக வெட்டினால் எட்டுப் படங்களுக்கு ஆகும்.

பென்சில்: நான்கு போதும்

பென்சிலுக்குள் இருப்பது ஈயம் அல்ல, கிராஃபைட். போரினால் இங்கிலாந்தின் கிராஃபைட் வரத்து நின்றுபோன பிரான்சில், 1795-இல் நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர் கிராஃபைட் பொடியோடு களிமண்ணைக் குழைத்துச் சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கோடு கடினமாகவும் வெளிறியும் விழும். அது 'எச்' வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மையாகவும் கறுப்பாகவும் விழும். அது 'பி' வரிசை.

எச்பி, 2பி, 4பி, 6பி என்று நான்கு பென்சில்கள் போதும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் பழகும் பிள்ளைக்கு எச்பி கைகொடுக்கும். நிழல் போடத் தொடங்கினால் 4பி, 6பி வேண்டும். எச்பி-யை அழுத்தி அழுத்திக் கறுப்பாக்க முயன்றால் தாளில் பள்ளம்தான் விழும், கறுப்பு வராது. தாள் வழவழப்பாக இருந்தால் 6பி-யும் பிடிக்காது. கரியும் பென்சிலும் பற்றிக்கொள்ளச் சற்றே சொரசொரப்பு வேண்டும்.

வண்ணம்: பெட்டி சிறுக்கட்டும்

எல்லா வண்ணத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். நிறம் தரும் நிறமிப் பொடி, அதைப் பிடித்துவைக்கும் பசை. வேல மரப் பிசினில் குழைத்தால் வாட்டர் கலர், ஆளி விதை எண்ணெயில் குழைத்தால் ஆயில், அக்ரிலிக் பால்மத்தில் குழைத்தால் அக்ரிலிக். வாட்டர் கலர் காய்ந்த பிறகும் நனைத்தால் கரையும். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் கரையாது. ஆயில் காய நாள் கணக்கில் ஆகும். உங்கள் பொறுமைக்கும் வீட்டு வசதிக்கும் எது ஒத்துவரும் என்பதை இங்கிருந்தே யோசிக்கலாம்.

ஒரு காலத்தில் அல்ட்ராமரைன் நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லாசுலிக் கல்லை அரைத்தே கிடைத்தது. ஐரோப்பாவில் அதன் விலை பொன்னுக்கு ஈடாகப் பேசப்பட்டது. 1820-களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யும் வழி கண்டார்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பொடியிலும் இருப்பது அதே நிறமிதான். சென்னை அம்பத்தூரிலேயே அது தயாராகிறது. அரிய கல் எளிய பொடியாகிவிட்டது. இன்று நல்ல நீலம் வாங்க யாரும் செல்வந்தராக இருக்க வேண்டியதில்லை.

மலிவான பெட்டியில் நிறமி குறைவு, வெள்ளை நிரப்புப் பொடி அதிகம். அதனால்தான் இரண்டு நிறம் கலந்தாலே சேறாகிறது. 48 நிறத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஏழு நல்ல ட்யூப் வாங்குங்கள்: லெமன் யெல்லோ, கேம்போஜ் யெல்லோ, வெர்மிலியன், கிரிம்ஸன், அல்ட்ராமரைன் புளூ, பிரஷ்யன் புளூ, பர்ன்ட் சியன்னா. லெமன் யெல்லோவோடு பிரஷ்யன் புளூ சேர்த்தால் நாற்றங்கால் பச்சை. அதே மஞ்சளோடு அல்ட்ராமரைன் சேர்த்தால் அடங்கிய பச்சை. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் மழைமேகச் சாம்பல். பச்சையை ட்யூபிலிருந்து பிதுக்கும் பிள்ளைக்கு ஒரு பச்சைதான் தெரியும். கலந்து பழகிய பிள்ளை, தெருவில் நடக்கும்போதே வேப்பிலைப் பச்சையும் வாழையிலைப் பச்சையும் வேறு என்று பார்க்கத் தொடங்கும்.

ட்யூபில் வெயில் தாங்கும் தன்மையும் நட்சத்திரங்களாகவோ எழுத்தாகவோ குறிக்கப்பட்டிருக்கும். வான் கோ 1888-இல் வரைந்த 'படுக்கையறை' ஓவியத்தின் சுவர்கள் முதலில் ஊதா. கலவையிலிருந்த சிவப்பு வெளுத்துப்போனதால் இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். மாஸ்டர் தந்த தாளில் நான் தீட்டிய குளம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தாள் பழுக்கவில்லை, நீலம் அப்படியே இருக்கிறது. தாமரைகள் மட்டும் வெளுத்துவிட்டன. அந்தப் பெட்டியின் ரோஸ் நிறம் மலிவானது.

தூரிகை: நுனியைப் பாருங்கள்

2, 6, 10 எண்களில் மூன்று உருண்டைத் தூரிகைகள், அகலத் தீட்ட ஒரு தட்டைத் தூரிகை. தண்ணீரில் நனைத்து ஒரு முறை உதறினால் முடிகள் தாமாகக் கூடி ஊசி முனையாக நிற்க வேண்டும். பிளந்து நின்றால் வாங்காதீர்கள்.

வெளிறலும் கரும்பழுப்புமாகப் பட்டை பட்டையான முடி கொண்ட தூரிகையைக் கண்டால் விலகிவிடுங்கள். அது கீரி முடியாக இருக்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரி முடி வியாபாரம் குற்றம். 2019-இல் வனவிலங்குக் குற்றத் தடுப்பு அமைப்பு நடத்திய சோதனைகளில் ஆயிரக்கணக்கான தூரிகைகள் பிடிபட்டன. தூரிகைகளுக்குத் தேவையான சில கிராம் முடிக்காக ஒரு கீரியின் உயிர் போகிறது. இன்றைய நைலான் தூரிகைகள் வாட்டர் கலருக்கும் அக்ரிலிக்குக்கும் நன்றாகவே உழைக்கின்றன.

மண்: சேர்வையில் இருக்கிறது சூட்சுமம்

பொருளைத் தேர்வதே பாதி வேலை என்பதை, மெழுகில் உருவம் செய்து மண் பூசி உலோகம் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் பார்க்கலாம். உருவம் செய்யும் மெழுகில் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்க்கிறார்கள். குங்கிலியம் இறுக்கம் தரும், எண்ணெய் இளக்கம் தரும். மெழுகின் மேல் முதல் பூச்சுக்குக் காவிரியின் நுண்ணிய வண்டல். விரல் நகத்தின் வளைவைக்கூட அது பதிந்துகொள்ளும். அதன்மேல் சூட்டைத் தாங்க மணல் கலந்த முரட்டு மண்.

வீட்டில் தொடங்குபவருக்கும் பாடம் இதுவே. குயவரிடம் வாங்கும் களிமண் காயும்போது சுருங்கும். கனமாகச் செய்தால் விரிசல் விடும். அய்யனார் கோயில் மண்குதிரை செய்பவர்கள் மணலும் உமியும் சேர்ப்பதும், உடலை உள்ளே கூடாக விடுவதும் அதனால்தான். சிறு குழந்தைக்கு எண்ணெய் சேர்ந்த, காயாத களிமண் நல்லது. திரும்பத் திரும்பப் பிசையலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மட்டும் குழந்தைகள் கையால் குழைக்க விடாதீர்கள். இறுகும்போது அது சூடாகும். மொத்தமாக இருந்தால் தோலைச் சுட்டுவிடும்.

கடைக்குப் போகும் முன்

• கையிலிருக்கும் பணத்தில் பாதி தாளுக்கு. மீதியில் வண்ணம், தூரிகை.

• எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்றைத் தீரும்வரை பயன்படுத்துங்கள்.

• தூரிகையைத் தண்ணீரில் நிறுத்திவைக்காதீர்கள். அக்ரிலிக் தூரிகையைக் காயும் முன்பே கழுவுங்கள்.

• தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டாம். சில நிறமிகள் நஞ்சு.

என் வகுப்பில் அன்று சார்ட் பேப்பர் உரிந்தது எனக்கு மட்டுமல்ல. மாஸ்டர் கிழித்த மற்ற மூன்று துண்டுகள் யார் யாருக்குப் போயின என்று நினைவில்லை. அந்தத் தாள் கிடைக்காமலே ஓவியத்தை விட்டவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். உங்கள் பிள்ளை கசங்கிய படத்தோடு வந்து "எனக்கு வரையவே வரல" என்று சொன்னால், ஆறுதல் சொல்வதற்கு முன் அந்தத் தாளை வாங்கி விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்.