பத்து நிமிஷப் பேட்டி

2022 ஜூலையில் அரசுப் பள்ளிகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள் அல்லவா? இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். சொற்பம்தான், ஆனாலும் என் பயிற்சிச் சான்றிதழும், தகுதித் தேர்வுச் சான்றும் பெட்டிக்குள்ளேயே எத்தனை நாள் கிடக்கும்?

"பத்து நிமிஷந்தான் கேப்பாங்க, அதுக்கு இம்புட்டுப் படிப்பா?" என்றார் மாமியார். நான் எடுத்துக்கொண்டதோ மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு மட்டும். எங்கள் ஊர் மீன் ஏலத்தையே பாடமாக்கி, மகளை உட்கார வைத்து நடத்தினேன். "சத்தம் பத்தலம்மா" என்றாள். அவளைவிடக் கறாரான அதிகாரி கிடையாது, தோழியரே!

"இத்தனை வருஷம் என்னம்மா பண்ணீங்க?" என்றார் தலைமையாசிரியர். "ரெண்டு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுத்தேன் சார்" என்றேன். சிரிக்காமல் சாக்பீஸை நீட்டினார். கூடை நண்டில் விற்றது போக மீதி எவ்வளவு என்று ஆரம்பித்தேன்.

முதல் சம்பளத்தில் மாமியாருக்கு மூக்குக் கண்ணாடி வாங்கினோம்.

– ஒரு வாசகி, கட்டுமாவடி.