மொட்டைப்பனையில் ஒரு வாசல்

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் காடு இல்லை. செம்மண் தோட்டம், வளவு, ஒழுங்கை. கிழக்கே போனால் வயல், அதற்கப்பால் கைதடிப் பாலத்தின் கீழ் உப்பாறு. ஆனாலும் காலையில் வேலிப்பக்கம் யாரோ கெக்கலித்துச் சிரிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் மரங்கொத்தி. தலையில் சிவப்புக் கொண்டை, முதுகில் பொன்மஞ்சள். இலங்கையின் தெற்கே வாழும் இதன் உறவுக்கு முதுகு சிவப்பு. இரண்டும் சந்திக்கும் வடமத்தியப் பகுதியில் கலப்பு நிறப் பறவைகளும் உண்டு. வடக்கின் பொன்முதுகுத் துணையினத்துக்கு, 1944-இல் வெளியான விவரிப்பில் ஹியூ விஸ்லர் என்ற பறவையியலாளர் 'ஜாஃப்னென்சே' என்று யாழ்ப்பாணத்தின் பெயரையே வைத்தார்.

காடில்லாத ஊரில் இதற்கு வீடு ஏது?

மொட்டைப்பனைதான். பனைக்கு வெளியே வைரம், உள்ளே மென்மையான சோறு. உயிரோடு நிற்கும் பனையின் வைரத்தைக் கொத்தித் துளைப்பது அலகுக்கும் பெரும்பாடு. தலை போய்விட்டால் கதை வேறு: மழைநீர் மேலிருந்து இறங்கி உள்ளே இற்றுப்போகும், வெளிச்சுவர் மட்டும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இடியும் வண்டும் மொட்டையாக்கிய பனைகள் எப்போதும் உண்டு; போர்க்காலத்தில் ஷெல்லடி இன்னும் பல பனைகளின் தலையைக் கொண்டுபோனது. பட்ட தென்னையும் இப்படித்தான் உதவுகிறது. ஆணும் பெண்ணுமாகக் குடையும் பொந்து, வாசலிலிருந்து சிறிது கிடையாகப் போய்ப் பின் கீழே இறங்கும். மெத்தை எதுவும் கிடையாது. மரத்தூள் மேலேயே பெரும்பாலும் மூன்று முட்டை. அடைகாப்பு ஏறத்தாழ 11 நாள்தான். அவர்கள் காலி செய்ததும் மைனாவோ கிளியோ வாடகையில்லாமல் குடியேறும்.

வீடு பட்ட மரத்தில். சாப்பாடோ பெரும்பாலும் உயிர்மரத்தில். முக்கிய உணவு எறும்பு. பூவரசு, கிளுவை, முள்முருக்கை என்று கதியால் போட்டு வளர்ந்த வேலிகளிலும் வளவு மாமரங்களிலும் அது தாராளம். குஞ்சுக்கு நாள் முழுக்க இரை காவவேண்டிய பறவைக்கு, வேலியோரம் நிற்கும் மொட்டைப்பனையும் வெளிவயல் நடுவே தனித்து நிற்கும் மொட்டைப்பனையும் ஒரே பெறுமதியா? எத்தனை மரம் என்பதோடு, எது எதற்குப் பக்கத்தில் என்பதும் கணக்கு. பொந்து மரங்கள் ஒரேயடியாகப் போனால் என்னவாகும்? அமெரிக்காவின் தென்கிழக்குப் பைன் காடுகளில், பட்ட மரம் தேடும் நம் பறவைக்கு நேர்மாறாக, உயிருள்ள முதிய பைனையே குடையும் ஒரு மரங்கொத்தி இருக்கிறது. 1989-இல் ஹியூகோ சூறாவளி பொந்து மரங்களைச் சாய்த்தபோது, எஞ்சிய மரங்களில் செயற்கைப் பொந்துகள் அமைத்து அதைக் காக்கவேண்டியிருந்தது.

நம்மூரில் சூறாவளி தேவையில்லை. வேலியை எடுத்து மதில் கட்டும் வீட்டுக்காரர், மதிலில் விழுந்துவிடும் என்று பக்கத்து மொட்டைப்பனையையும் தறிப்பிக்கிறார். பயம் நியாயமானதே, பட்ட பனை ஒருநாள் விழத்தான் செய்யும். ஆனால் மரங்கொத்திக்கு அடுக்களையும் வீடும் ஒரே கூலியில் போய்விடுகின்றன.