ஒரே திரை, பல மேசைகள்

கணினித் திரையில் எக்செல் கணக்கு ஒருபுறம், ஏழெட்டு இணையப் பக்கங்கள் மறுபுறம், நடுவே வாட்ஸ்அப். வேண்டியது மட்டும் கண்ணில் படாது. இதற்காக இன்னொரு மானிட்டர் வாங்க வேண்டியதில்லை. 'விர்ச்சுவல் டெஸ்க்டாப்' என்ற வசதி உங்கள் கணினியிலேயே இருக்கிறது.

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், விண்டோஸ் விசை, கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். துடைத்து வைத்ததுபோல் புதிய மேசை ஒன்று திறக்கும். பழைய மேசையில் இருந்தவை அங்கேயே பத்திரமாக இருக்கும். விண்டோஸ், கன்ட்ரோல் விசைகளோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் மேசை மாறும். அலுவலகக் கணக்குக்கு ஒன்று, பிள்ளையின் இணைய வகுப்புக்கு ஒன்று, கிரிக்கெட் ஸ்கோருக்கு ஒன்று. மேலதிகாரி வரும்போது எதற்குத் தாவுவது என்பது உங்கள் சாமர்த்தியம்!

விண்டோஸ் விசையுடன் டேப் அழுத்தினால் எல்லா மேசைகளும் வரிசையாகத் தெரியும். ஒன்றை மூடிவிட்டாலும் அதிலிருந்த செயலிகள் மூடாது. பக்கத்து மேசைக்கு வந்துவிடும்.

யோசனை பழையதுதான். அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்டும் ஆஸ்டின் ஹெண்டர்சனும் 1986லேயே 'ரூம்ஸ்' என்ற பெயரில் இதைச் செய்துகாட்டினார்கள். ஆப்பிள் மேக்கில் 2007இல் வந்தது. விண்டோஸில் இயல்பான வசதியாக வர 2015 ஆயிற்று.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மேசை எத்தனை ஆனாலும் ரேம் நினைவகம் ஒன்றுதான். தேவையில்லாத செயலிகளை மூடினால்தான் கணினி வேகமாக ஓடும்.