கையேட்டுப் பக்கத்துக்குள் ஒரு பழைய அச்சு இயந்திரம்

கொச்சி மட்டாஞ்சேரியின் அரசுப் பள்ளிக் கணினி அறைகளில் பிள்ளைகள் பழகுவது லினக்ஸில்தான். கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் பள்ளிகளுக்கென்று அமைத்துத் தரும் அந்த இயங்குதளம் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. உபுண்டுவுக்கு மூலம் டெபியன். டெபியனை உருவாக்கும் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் கூடும் ‘டெப்கான்ஃப்’ மாநாடு இந்தியாவில் முதன்முறையாக நடந்ததும் இதே கொச்சியில்தான். 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை, காயலுக்கு அக்கரையில், காக்கநாட்டில் கூடினார்கள்.

இந்தக் கணினிகள் ஒவ்வொன்றிலும் ஒரு நூலகமே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கட்டளைத் திரையில் ‘மேன்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, ஏதாவது ஒரு கட்டளையின் பெயரைக் கொடுங்கள். அதன் கையேட்டுப் பக்கம் விரியும். இணையம் வேண்டாம். ஒவ்வொரு நிரலுக்கும் இப்படி ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பது டெபியனின் எழுதப்பட்ட கொள்கை. நிரலில் தெரிந்த குறைகளைச் சொல்லவே ‘பக்ஸ்’ என்று தனித் தலைப்பு வைக்கும் வழக்கமும் உண்டு. தன் குறையைத் தானே எழுதி வைக்கும் கையேடு வேறு எந்தப் பொருளோடு நமக்குக் கிடைக்கிறது?

இந்தப் பக்கங்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் அச்செடுக்கலாம், தேடலாம், பென்டிரைவில் போட்டு இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஆனால் சில கணினிகளில் அப்படிச் சேமித்த கோப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் இரட்டித்துக் கிடக்கும். ‘நேம்’ என்ற தலைப்பு என், என், ஏ, ஏ, எம், எம், இ, இ என்று நிற்கும். அடிக்கோடிட்ட சொற்களில் எழுத்துக்கு எழுத்து ஒரு கீழ்க்கோடு முளைத்திருக்கும்.

காரணம் அரை நூற்றாண்டுக்கு முந்தையது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் வளர்ந்ததற்கு ஆவணம் தயாரிக்கும் வேலை பெரிதும் உதவியது. அங்கிருந்த காப்புரிமைப் பிரிவின் தட்டச்சு வேலைக்குத்தான் யூனிக்ஸ் முதலில் கைகொடுத்தது. கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. பின்னாளில் பக்கங்களை வடிவமைக்க வந்த ‘என்ராஃப்’ நிரல், தன் வெளியீடு ‘டெலிடைப் மாடல் 37’ என்ற அச்சு இயந்திரத்துக்குப் போகும் என்றே வைத்துக்கொண்டது. அந்த இயந்திரத்தில் தடித்த எழுத்து தனியாகக் கிடையாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகியவர்களுக்கு அது செய்த தந்திரம் உடனே புரியும்: ஓர் எழுத்தை அடி, ஓரிடம் பின்னால் நகர், அதே எழுத்தை மறுபடி அடி. மை அழுத்தமாகப் பதியும். அடிக்கோடு வேண்டுமா? கீழ்க்கோடு அடி, பின்னால் நகர், எழுத்தை அடி.

டெலிடைப் போய்விட்டது; பின்நகர்வு தங்கிவிட்டது. ஆஸ்கி அட்டவணையில் 8ஆம் இடத்தில் இருக்கும் ‘பேக்ஸ்பேஸ்’ குறியை மேக், ஓபன்பிஎஸ்டி கணினிகளின் கையேட்டு நிரல் இன்றும் வெளியீட்டில் பதிக்கிறது. திரையில் காட்டும் நிரல் அதைப் புரிந்துகொண்டு தடித்த எழுத்தாக்கும். கோப்பிலோ அது அப்படியே தங்கும். அதை மதிக்காத எடிட்டரும் பிரிண்டரும் இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும்.

தீர்வு, சி, ஓ, எல் என்ற மூன்றெழுத்து நிரல். மேன் தரும் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக இதற்கு அனுப்பி, ‘மைனஸ் பி’ சேர்த்தால், ஓரிடத்தில் விழுந்த எழுத்துகளில் கடைசியானதை மட்டும் வைத்துக்கொள்ளும். ‘எக்ஸ்’ ஒன்றையும் கூடச் சேர்ப்பது நல்லது. இல்லையென்றால் வரிசையான இடைவெளிகளை டேப் குறிகளாக மாற்றிவிடும். டேப் அகலம் வேறாக இருக்கும் எடிட்டரில் அட்டவணைகள் கோணலாகும்.

பள்ளிகளில் உள்ள டெபியன் குடும்பத்துக் கணினிகளில் வேலை இன்னும் எளிது. அங்குள்ள ‘மேன்-டிபி’, வெளியீடு திரைக்குப் போகாமல் கோப்புக்குப் போனால் இந்தக் குறிகளைத் தானே களைந்துவிடும். அகலத்தை மட்டும் நாம் சொல்ல வேண்டும்: ‘மேன்விட்த்’ என்ற சூழல் மாறிக்கு 80 கொடுத்தால் வரிகள் ஏ4 தாளில் சரியாக அமரும். சொற்களை வரிக் கடைசியில் வெட்டாமலிருக்க ஒரு தெரிவும், சொற்களுக்கிடையே இடைவெளியைச் செயற்கையாக நீட்டாமலிருக்க ஒரு தெரிவும் உண்டு. தேடுவதற்காகச் சேமிப்பவர்கள் இரண்டையும் போட்டுக்கொள்ள வேண்டும். வரியில் இரண்டாக வெட்டுப்பட்ட சொல் தேடலில் அகப்படாது.

கண்ணுக்குப் படாத ஆபத்து ஒன்று உண்டு. பக்கத்தை எழுதியவர் கவனமாக இல்லாவிட்டால், தெரிவுக்கு முன்னால் வரும் கழித்தல் குறி சில கணினிகளில் யூனிகோடின் இணைப்புக்கோடாக மாறிவிடும். பார்க்க இரண்டும் ஒன்றுதான். அதைக் கோப்பிலிருந்து நகலெடுத்துக் கட்டளைத் திரையில் ஒட்டினால் வேலை செய்யாது. எங்கே தவறு என்று புதிதாகக் கற்கும் பிள்ளை திகைத்துப்போகும். சேமிக்கும்போதே ஆஸ்கி வெளியீடாகக் கேட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இப்படிச் சுத்தம் செய்வதில் ஒரு நஷ்டமும் உண்டு. கையேட்டில் தடித்த சொல் என்றால் அப்படியே தட்ட வேண்டியது. அடிக்கோடிட்ட சொல் என்றால் அந்த இடத்தில் நம் கோப்பின் பெயரையோ எண்ணையோ போட வேண்டியது. வெறும் எழுத்தில் இந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. கற்பவருக்கு இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். அதனால் தேடலுக்கு எழுத்துக் கோப்பும், மாணவர் கையில் கொடுக்க அதே பக்கத்தின் பிடிஎஃப் பிரதியும் எடுத்துவைக்கலாம். வெளியீட்டு வகை பிடிஎஃப் என்று மேனிடம் சொன்னால், பக்கங்களை வடிவமைக்கும் ‘குராஃப்’ முழுமையாக நிறுவியிருக்கும் கணினியில் அதுவும் ஒரே கட்டளையில் கிடைக்கும்.